மூளை நோய்க்குப் பின் மூட்டில் முளைக்கும் எலும்பு: இரண்டு காத்திருப்புகளின் கதை

கொள்ளைநோய் ஒன்று பரவும்போது பத்திரிகையாளர்களாகிய நாங்கள் இரண்டு எண்களையே எழுதுகின்றோம். நோயுற்றோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்பவையே அவை. பிழைத்தவர்களைப் பற்றி எழுதுவதில்லை. பிழைத்தவர் வீட்டிற்குப் போய்விட்டார் என்பதுடன் எங்கள் செய்தி முடிந்துவிடுகின்றது. ஆனால் மூளையைத் தாக்கும் நோய்களைப் பொறுத்தவரை, பிழைத்தவரின் கதை அங்கேதான் தொடங்குகின்றது. அக்கதையின் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயத்தையே இங்கு எழுத முற்படுகின்றேன்.

கொட்டகலையை அண்டிய தோட்டமொன்றில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் மூளைக்காய்ச்சலுக்கு ஆளாகி, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து, உயிர் மீண்டு லயத்திற்குத் திரும்புகின்றார். கண் திறந்தார், பேசினார், பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். அயலவர் அதை மறுபிறவி என்றே கொண்டாடுவர். சில வாரங்களில் அவருடைய ஒரு முழங்கை வீங்குகின்றது. தொட்டால் சூடாக இருக்கின்றது. கையை நீட்டவோ மடக்கவோ முடியாமற் போகின்றது. இடுப்பு மூட்டும் மெல்ல மெல்ல இறுகுகின்றது. "படுக்கையிலே கிடந்ததால் நரம்பு சுருங்கிவிட்டது" என்று ஒருவர் சொல்வார். "எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்று இன்னொருவர் சொல்வார். உண்மையில் அங்கு நடப்பது நரம்பு சுருங்குவதன்று. எலும்பு இருக்கக்கூடாத இடத்தில், தசைகளுக்கிடையே, புதிதாக எலும்பு வளர்ந்துகொண்டிருக்கின்றது.

இதனை மருத்துவம் ஹெட்டரோடோபிக் ஒஸிபிகேஷன் என்கின்றது. இடம் தவறிய எலும்பாக்கம் என்று நாம் சொல்லலாம். மூளைக் காயம், மூளைக்காய்ச்சல், மூளை உறை அழற்சி, பாரிசவாதம், ஒட்சிசன் இன்றி மூளை பாதிக்கப்படுதல், முண்ணாண் முறிவு ஆகியவற்றுக்குப் பின் இது தோன்றக்கூடும். மூளையும் முண்ணாணும் சேதமடைந்ததன் பின் பெரிய மூட்டுகளைச் சுற்றி இது தோன்றுகின்றது. இடுப்பே முதன்மையானது. முழங்கை, தோள், முழங்கால் ஆகியனவும் பாதிக்கப்படும். இது சுண்ணாம்பு படிவதுமன்று. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் மச்சையும் இரத்தக் குழாய்களும் கொண்ட உண்மையான எலும்பாகவே அது தெரியும். ஆகவே, "கல்சியம் கூடிவிட்டது, பாலை நிறுத்துங்கள்" என்ற அறிவுரைக்கு இதில் இடமில்லை.

போர்க்களத்திலிருந்து வந்த அறிவு

இந்நிலையை 1883ஆம் ஆண்டிலேயே ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் ரீடல் விவரித்திருந்தார். எனினும், இது எவ்வளவு பரவலானது என்பதை உலகுக்குக் காட்டியது முதலாம் உலகப் போரே. பிரெஞ்சு வைத்தியசாலைகளில் முண்ணாண் அறுபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த இளம் படைவீரர்கள் நிறைந்திருந்தனர். அதற்கு முந்திய போர்களில் இத்தகையோர் விரைவில் இறந்துவிடுவர். பராமரிப்பு சற்று மேம்பட்டதனால் இவர்கள் மாதக்கணக்கில் உயிரோடிருந்தனர். அவர்களது இடுப்பிலும் முழங்காலிலும் புதிய எலும்பு வளர்ந்திருப்பதை ஒரு பெண் நரம்பியல் நிபுணர் கவனித்தார். அவர் பெயர் ஒகஸ்டா டெஜெரின்-க்ளும்ப்கே.

அவர் சாதாரணமானவரல்லர். 1859இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, பாரிஸ் நகருக்குப் படிக்கச் சென்றவர். பாரிஸ் வைத்தியசாலைகளில் பெண்கள் உள்ளகப் பயிற்சி மருத்துவர் பதவிக்கு வரக்கூடாது என்ற எதிர்ப்பைக் கடந்து, 1886இல் அப்பதவியைப் பெற்ற முதற் பெண் அவரே. 1918இல், கணவர் மறைந்த மறு ஆண்டில், அந்திரே செய்யே என்ற மருத்துவருடன் இணைந்து இந்த எலும்பு வளர்ச்சியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்கள் ஆராய்ந்த, உடலின் கீழ்ப்பாதி செயலிழந்த வீரர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்வளர்ச்சி காணப்பட்டது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பிழைத்தவர்களின் நோய். மருத்துவம் முன்னேறி, சாக வேண்டியவர் சாகாமல் தப்பிய பின்னரே இந்நோய் கண்ணுக்குத் தெரிந்தது. 1950களுக்குப் பின் செயற்கைச் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளும் பரவின. அப்போது மூளை நோயிலிருந்து தப்பியோர் மிகுந்தனர், இவ்வெலும்பும் மிகுந்தது. அண்மையில், 2020இல் கோவிட் தொற்றினால் நீண்டகாலம் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து மீண்ட சிலரிடமும் இதே வளர்ச்சி பதிவானது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரான்சோ லொஸ் அமிகோஸ் என்றொரு வைத்தியசாலை உண்டு. 1888இல் ஏழைகளுக்கான பண்ணை இல்லமாகத் தொடங்கி, பின்னர் இளம்பிள்ளைவாத நோயாளருக்கும் உடற் செயலிழந்தோருக்குமான பெரும் புனர்வாழ்வு நிலையமாக வளர்ந்தது அது. அங்கு பணியாற்றிய டக்ளஸ் கார்லண்டும் தோழர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, தலையில் காயமுற்ற வயது வந்தோருள் ஏறத்தாழ 11 சதவீதத்தினரிடம் இவ்வெலும்பு வளர்வதைக் காட்டியது. நூற்றுக்குப் பதினொருவர் என்பது அரிதான நோயன்று.

ஏன் வளர்கின்றது?

மூளையில் நோய் வந்தால் முழங்கையில் ஏன் எலும்பு வளர வேண்டும்? நூறாண்டுகளாக மருத்துவரைத் திகைக்க வைத்த கேள்வி இது. 1965இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணம் நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு உருவானதைக் கண்டார். தசைக்குள்ளும் எலும்பாக மாறக்கூடிய உயிரணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன, தக்க கட்டளை கிடைத்தால் அவை விழித்துக்கொள்கின்றன என்பது அதனால் தெளிவாயிற்று.

அந்தக் கட்டளை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு 2015இல் ஒரு விடை கிடைத்தது. பிரான்ஸின் பிரான்சுவா ஜெனேயும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களும் எலிகளிடம் நடத்திய ஆய்வு அது. முண்ணாண் காயம் மட்டும் போதாது. தசையிலும் காயமோ அழற்சியோ சேர வேண்டும். இரண்டும் சேரும்போது, அழற்சி உள்ள இடத்தில் கூடும் மக்ரோபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள் இவ்வெலும்பு வளர்ச்சியைத் தூண்டுகின்றன என அவர்கள் காட்டினர்.

இக்கண்டுபிடிப்பை எலியிடமிருந்து மனிதருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. ஆயினும், அது நம் வீட்டு வழக்கம் ஒன்றைச் சிந்திக்க வைக்கின்றது. வீங்கிய முழங்கையை எண்ணெய் பூசி அழுத்தி உருவுவதும், இறுகிய மூட்டை வலிக்க வலிக்க இழுத்து மடக்குவதும் நம்மிடையே உள்ளவை. முழங்கையில் அடிபட்டபின் அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளரக்கூடும் என்பதை எலும்பு மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எச்சரித்து வந்துள்ளனர். மூளை நோயில் கிடப்பவரின் மூட்டுகளை நாள்தோறும் அசைத்துவிட வேண்டும் என்பது உண்மை. அதை மென்மையாக, இயன்மருத்துவர் காட்டித்தந்தபடி செய்ய வேண்டும் என்பதும் அதேயளவு உண்மை.

கத்தியும் காலமும்

எலும்பு முற்றாக வளர்ந்து மூட்டைப் பூட்டிவிட்டால், மாத்திரையால் அது கரையாது. அதன்பின் இருக்கும் வழி சத்திரசிகிச்சை ஒன்றே.

அது எளிய வேலையன்று. இடுப்பின் முன்புறம் வளரும் எலும்பு, தொடைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயையும் நரம்பையும் ஒட்டியோ சூழ்ந்தோ கிடக்கக்கூடும். முழங்கையில் வளர்வது, சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பை நசுக்கக்கூடும். ஆகவே, சீ.ரீ. ஸ்கேன் மூலம் எலும்பு எங்கு, எதனை ஒட்டி நிற்கின்றது என்பதை முன்கூட்டியே வரைபடம் போல அறிந்துகொள்கின்றனர். முதலில் நரம்பையும் குழாயையும் விடுவித்துக் காத்துக்கொண்டு, பின்னரே எலும்பை வெட்டுகின்றனர். வளர்ந்தது அனைத்தையும் தோண்டி எடுப்பது பெரும்பாலும் நோக்கமன்று. மூட்டு அசையத் தடையாக இருக்கும் பகுதியை அகற்றினாற் போதும். இரத்தப்போக்கு மிகுதியாக இருக்கலாம். தொற்று அபாயமும் உண்டு.

வெட்டிய எலும்பு திரும்பவும் வளரலாம் என்பதே இச்சிகிச்சையின் பழைய அச்சம். அதைத் தடுக்க, இந்தோமெதசின் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் சில வாரங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. சிலருக்குச் சிறிய அளவு கதிர்ச் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றது. இடுப்பு மூட்டு மாற்றிய நோயாளரிடம் கதிர்ச் சிகிச்சை இவ்வாறு எலும்பைத் தடுப்பதை, அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையைச் சேர்ந்த கொவென்ட்ரியும் ஸ்கன்லனும் 1981இல் எடுத்துரைத்தனர்.

எப்போது வெட்டுவது? இதுவே பெரும் விவாதம். எலும்பு முதிர்ந்து அடங்கிய பின்னரே வெட்ட வேண்டும், இல்லையெனில் மீண்டும் வளரும் என்பது பழைய நெறி. சாதாரணக் காயத்திற்குப் பின் ஆறு மாதம், முண்ணாண் காயத்திற்குப் பின் ஓராண்டு, மூளைக் காயத்திற்குப் பின் ஒன்றரை ஆண்டு என்று கார்லண்ட் 1991இல் வகுத்த கால எல்லை உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஒன்றரை ஆண்டு! கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோக முடியாத ஒருவருக்கு அது எத்தனை நீண்ட காலம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் இந்நெறி ஆட்டங்கண்டது. மூளைக் காயத்திற்குப் பின் முன்னதாகச் செய்த சத்திரசிகிச்சையையும் தாமதித்துச் செய்ததையும் ஒப்பிட்டு 2007இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, எலும்பு திரும்ப வளர்வதில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. பாரிஸுக்கு அருகிலுள்ள கார்ஷ் நகர வைத்தியசாலையில் ஜெனே குழுவினரும் நூற்றுக்கணக்கான சத்திரசிகிச்சைகளின் அனுபவத்திலிருந்து இதையே கூறினர். அத்துடன் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினர். பூட்டிய மூட்டு நீண்டகாலம் அசையாமற் கிடந்தால் உள்ளேயிருக்கும் இயல்பான எலும்பு பலமிழந்துவிடும், குருத்தெலும்பு கெட்டுவிடும், சத்திரசிகிச்சையின்போதே தொடை எலும்பின் கழுத்து முறியக்கூடும். எனவே, நோயாளரின் பொது உடல்நிலை தேறி, மூட்டைச் சுற்றியுள்ள தடை தெளிவாகத் தெரிந்துவிட்டால், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது இன்று வலுப்பெற்று வரும் கருத்தாகும்.

மருத்துவம் தன் காத்திருப்பை இவ்வாறு குறைத்துக்கொண்டது. ஆனால் இன்னொரு காத்திருப்பும் உண்டு.

தோட்டத்தின் காத்திருப்பு

மலையகத் தொழிலாளருக்கும் வைத்தியருக்கும் இடையிலான தூரம் நேற்று உருவானதன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய முதற் கட்டளைச் சட்டம் 1872இல் பிறந்தது. 1912இல் அது மீண்டும் விரிவாக இயற்றப்பட்டது. சட்டங்களின் உள்ளக்கிடக்கை, தொழிலாளர் வேலைக்குத் திரும்பத் தக்கவராக இருக்க வேண்டும் என்பதும், கொள்ளைநோய் பரவக்கூடாது என்பதுமே. காய்ச்சலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பிரசவத்திற்கு ஓர் அறை என்ற அளவில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் மருந்துக்காரரும் அமைந்தனர். எழுந்து நடமாட மாட்டாத ஒருவரைத் திரும்ப நடக்க வைப்பது அந்த ஏற்பாட்டில் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கியும் படிப்படியாகவே நகர்ந்தது.

முன்னேற்றம் இல்லை என்று சொல்வது நேர்மையன்று. இந்திய உதவியுடன் டிக்கோயா கிளங்கனில் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12ஆம் திகதி திறந்துவைத்தார். கொட்டகலையிலிருந்து அது தொலைவில் இல்லை. எனினும், மூளை நோயில் மீண்ட ஒருவருக்குத் தேவையான சிக்கலான மூட்டுச் சத்திரசிகிச்சைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் கண்டியையோ கொழும்பையோ நாட வேண்டும். நீண்டகாலப் புனர்வாழ்வுக்கென்று கண்டிக்கு அருகே திகணையிலும், கொழும்புக்கு அருகே ராகமையிலும் வைத்தியசாலைகள் உள்ளன. கொட்டகலையிலிருந்து சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து ஹட்டன் போய், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்க வேண்டும். இடுப்பு மடங்காத ஒருவரால் பஸ்ஸின் இருக்கையில் உட்கார முடியாது. வாகனம் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். உடன் செல்பவர் அன்றைய பெயரை இழக்க வேண்டும். அதாவது அன்றைய சம்பளத்தை.

ராகமை என்ற பெயரை எழுதும்போது ஒரு பழைய நினைவும் கூடவே வருகின்றது. தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைக் கொள்ளைநோய் அச்சத்தினால் தடுத்துவைத்துச் சோதித்த முகாம்களுள் ஒன்று ராகமையில் இருந்தது. தாத்தாவைத் தடுத்துவைத்த ஊருக்குப் பேத்தி நடக்கப் பழகச் செல்கின்றாள். இதை ஆறுதலாகவும் கொள்ளலாம்.

இங்கு வேலூரையும் நினைத்துக்கொள்வது பொருத்தம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில்தான். அதே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், 1954இல் வாகன விபத்தொன்றில் முண்ணாண் முறிந்து கால்கள் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் இருந்தார். டாக்டர் போல் பிராண்டின் ஊக்கத்தினால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. சத்திரசிகிச்சை முடிந்த பின்னரே உண்மையான சிகிச்சை தொடங்குகின்றது என்பதைத் தம் உடலாலேயே அறிந்திருந்தவர் அவர்.

இலங்கையில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1985, 1986 ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதி நெல்வயல்களை அண்டிப் பெருந்தொற்றாகப் பரவியது. 1988இல் தடுப்பூசி தொடங்கப்பட்டு நோய் பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டது. அது நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் பெருமைக்குரிய வெற்றி. ஆயினும், அன்று பிழைத்துத் திரும்பியவர்களின் மூட்டுகள் எவ்வாறாயின என்று கேட்டு எழுதிய செய்தி எதுவும் என் நினைவில் இல்லை. இக்குறை எங்கள் தொழிலுக்கும் உரியது.

என்ன செய்யலாம்?

இவ்வெலும்பு பெரும்பாலும் நோய் தாக்கிய மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதத்துக்குள் தன்னைக் காட்டுகின்றது. நோயாளர் வைத்தியசாலையிலிருந்து லயத்திற்குத் திரும்பும் காலமும் அதுவே. அதாவது, எச்சரிக்கை மணி அடிக்கும்போது கேட்பதற்கு அங்கே வைத்தியர் இல்லை. மகளோ மருமகளோதான் இருக்கின்றாள். மூட்டு வீங்குதல், சூடாதல், நேற்று மடங்கிய அளவு இன்று மடங்காமை ஆகிய மூன்றையும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாற் போதும். நாளத்தில் இரத்தம் உறைதலும், மூட்டில் கிருமித் தொற்றும் இதே போன்ற வீக்கத்தைத் தருபவை, அவை உயிராபத்தானவை. ஆகவே எண்ணெயை எடுப்பதற்கு முன் வைத்தியரிடம் காட்டுவதே முறை. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமற் போகலாம். சில வாரங்களின் பின் மீண்டும் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

வைத்தியசாலைகளும் ஒன்றைச் செய்யலாம். நினைவிழந்து கிடந்து மீண்டவர் வீடு திரும்பும் நாளில், அவருடைய இடுப்பு, முழங்கால், தோள், முழங்கை ஒவ்வொன்றும் எவ்வளவு மடங்குகின்றது என்பதை அளந்து, துண்டில் எழுதி, தோட்டத்து மருந்துக்காரரிடம் சேர்ப்பிக்கலாம். அடுத்த மாதம் அவர் அதே அளவைப் பார்க்கலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

கொழுந்து பறிக்கும் கைக்கு முழங்கை மடங்க வேண்டும். மலையேறும் காலுக்கு இடுப்பு மடங்க வேண்டும். குந்தியிருந்து அடுப்பு மூட்டவும், பிள்ளையைத் தூக்கவும், பிறர் துணையின்றி மலசலகூடம் போய்வரவும் அவை மடங்க வேண்டும். கத்தி அம்மூட்டுகளை மீட்டுத் தரவல்லது என்பதை நூறாண்டு மருத்துவ வரலாறு காட்டியிருக்கின்றது. ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் இப்போது அது சொல்கின்றது. எஞ்சியிருப்பது கொட்டகலையிலிருந்து கண்டி வரையிலான அந்த வழி. அதைக் குறைப்பது சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் இல்லை.